நிலாவெளி வளவில் நெருஞ்சி

கேள்வி: நிலாவெளியில் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வளவு. மாரி மழை பெய்ததும் ஒரு செடி மணலோடு படர்ந்து, ஐந்து இதழில் சின்ன மஞ்சள் பூப் பூக்கிறது. அப்புறம் பிள்ளைகளின் காலிலும் சைக்கிள் டியூப்பிலும் முள். பிடுங்கப் போனால், மூலிகை என்று மாமி தடுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நெருஞ்சிதான். சந்தேகமென்றால் முற்றிய காயை உடைத்துப் பாருங்கள், ஐந்து துண்டாகப் பிரியும். துண்டுக்கு இரண்டு நீள முள், இரண்டு குட்டை முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். காய் பிரியாமல், செடியைத் தண்ணீரில் ஆட்டும்போது வழுவழுத்தால் அது யானை நெருஞ்சி, வேறு குடும்பம்.

முளைத்து மூன்று நான்கு கிழமையில் பூத்துவிடும், அடுத்த சில கிழமைகளில் முள் முற்றும். ஆகவே முதல் பூவைக் கண்டதுமே இறங்குங்கள். மழை விட்ட மறுநாள், மணல் ஈரமாக இருக்கும்போது, கொடியை இழுக்காமல் நடு அடியைப் பிடித்து இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். போன வருடம் உதிர்ந்த முள் கிடந்தால் பழைய சாக்கொன்றை மணல்மேல் இழுத்துப் போங்கள். முள் தானாகவே அதில் குத்திக்கொண்டு வரும், சாக்கோடு எரித்துவிடலாம். எருக்குழியில் மட்டும் போடாதீர்கள்.

ஒரு வருடத்தில் ஒழியாது. ஒரு துண்டுக்குள்ளேயே சில விதைகள் இருக்கும். ஒன்று முந்தி முளைக்க, மற்றவை வருடக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். அதற்காகக் களைநாசினி அடிக்க வேண்டாம். கடற்கரை மணலில் தெளித்தது கிணற்றுக்கு இறங்க அதிக நேரம் எடுக்காது. வேலியோரத்து அடம்பன் கொடியையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள், மணலைக் கட்டி வைத்திருப்பது அதுதான்.

மாமி சொல்வதும் சரி. நீர்க்கடுப்பு, நீரடைப்புக்குச் சித்த மருத்துவத்தில் நெருஞ்சி உண்டு. ஆனால் சிறுநீரக நோயாளிகளும், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கஷாயம் குடிக்கக் கூடாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமே கற்பிக்கிறார்கள், ஆலோசனைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மாமிக்காக ஒரு மூலையில் நாலு செடி விட்டுவைக்கலாமா என்றால், நான் விடமாட்டேன். பிடுங்கியதில் ஒரு கட்டைக் கழுவி நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.

மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். இதை நிறையத் தின்ற செம்மறிகளுக்கு ஈரல் கெட்டு, வெயிலில் நின்றதும் முகமும் காதும் வீங்கிவிடும்.