கம்பி ஓடணும்: மரக்கம்ப வேலி பற்றிக் கேள்வி பதில்

கல்தூணில் துளை இருக்கும், கட்டுக்கம்பியைக் கோத்து முறுக்கினால் வேலை முடிந்தது. மரக்கம்பத்தில் அப்படியில்லை, இரண்டு காலும் வளைந்த முதுகுமாக இருக்கும் யூ ஆணியால் கம்பியை அடித்து நிறுத்த வேண்டும். மரம் காயும், சுருங்கும், வெடிக்கும், சில சமயம் துளிர்க்கவும் செய்யும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் காடுகளில் வேலி போட்டுப் பழகியவன் என்பதால் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூலனூர் நண்பர்: அண்ணா, கொறங்காட்டுக்கு நாலு வரி முள்கம்பி இழுத்தோமுங்க. கம்பம் எல்லாம் சீமைக்கருவேலம், வெட்டுன கையோட நட்டது. யூ ஆணியக் கம்பியோட பதியுற மாதிரி நல்லா இறுக்கி அடிச்சோம். ஒரு கோடை தாண்டறதுக்குள்ள பாதி ஆணி பிதுங்கிருச்சு. சில எடத்துல ஆணிகிட்டயே கம்பி அறுந்து கெடக்குது. ஆணி மட்டமான சரக்குங்களா?

ஆணியைக் குறை சொல்லாதீங்க தம்பி. இறுக்கி அடித்ததுதான் வினை. வெயிலில் கம்பி நீளும், விடியற்காலையில் சுருங்கும். நூறு மீட்டர் கம்பிக்கு 25 டிகிரி வித்தியாசம் வந்தால் நீளத்தில் 3 சென்டிமீட்டர் கூடிக் குறையும். அந்த அசைவு ஒவ்வொரு கம்பத்தையும் கடந்து கடைசி மூலைவரை போய்ச் சேர வேண்டும். நீங்கள் எல்லாக் கம்பத்திலும் கம்பியைப் பிடித்து நிறுத்திவிட்டீர்கள். அப்புறம் ஒரு மாடு சாய்ந்தால் அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் உள்ள பத்தடிக் கம்பி மட்டுமே அத்தனை பாரத்தையும் தாங்கியாக வேண்டும். கம்பி ஓடினால் பாரம் முழு வரிசைக்கும் பிரிந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஆணியின் முதுகு கம்பியை நசுக்கிய இடத்தில் துத்தநாகப் பூச்சு உரிந்திருக்கும். மழைத் தண்ணீரும் அந்த இடுக்கில்தான் தங்கும். ஆணிகிட்டயே அறுந்ததற்குக் காரணம் அதுதான்.

இடைக்கம்பங்களில் ஆணியின் முதுகுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கம்பி கனத்துக்கு இடம் விட்டு நிறுத்திவிடுங்கள். அடித்த பிறகு கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் நகர வேண்டும். முள்ளின் மேலேயே ஆணி அடிக்க வேண்டாம், இரண்டு முள்ளுக்கு நடுவில் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் முள்ளே போய் ஆணியில் மாட்டிக்கொண்டு கம்பியை ஓடவிடாது.

பச்சை மரத்தில் அடித்ததும் ஒரு காரணம். ஈரமாக இருக்கும்போது ஆணி கெட்டியாக நிற்பது போலத் தெரியும். மரம் காயக் காயப் பிடி தளர்ந்து, ஆணிக்கால் ஓரமாகவே வெடிப்பும் விழும். வெட்டிய கம்பத்தைப் பட்டை உரித்து நிழலில் இரண்டு மூன்று மாதம் போட்டு வைத்து நடுங்கள். அவசரமென்றால் கம்பத்தை நட்டுவிடலாம், ஆணியையாவது தள்ளிப் போடுங்கள்.

வெள்ளகோவிலிலிருந்து: யூ ஆணி அடிச்சா எங்க கம்பமெல்லாம் மேலிருந்து கீழ் பொளந்துக்குது. ஆணியை நேராத்தான் அடிக்கிறோம்.

நேராக அடிப்பதால்தான் பிளக்கிறது. மரத்தின் நார் மேலும் கீழுமாக ஓடும். ஆணியின் இரண்டு காலும் ஒரே நாரில் இறங்கினால் ஆப்பு அடித்தது போல மரம் வாய் பிளந்துவிடும். ஆணியைக் கொஞ்சம் திருப்பி, இரண்டு காலும் வேறு வேறு நாரில் இறங்கும்படி சாய்வாக வையுங்கள். முழுக்கத் திருப்பிக் கம்பியின் போக்கிலேயே படுக்கவும் வைக்காதீர்கள், அப்படி வைத்தால் கம்பியை அணைக்காது.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கால் முனைகளை உற்றுப் பார்த்தால் ஒரு பக்கமாகச் சீவியிருக்கும். அந்தச் சீவலால் கால்கள் உள்ளே போகும்போது வளையும். ஒரு வாட்டத்தில் அடித்தால் இரண்டும் எதிரெதிராக விலகிப் பரவும், மறு வாட்டத்தில் அப்படிப் பரவாது. பரவியது எளிதில் பிதுங்காது. ஒரு கட்டையில் இரண்டு விதமாகவும் அடித்து, கட்டையைப் பிளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆணிப் பெட்டி மாறினால் சீவலும் மாறும்.

வைரம் பாய்ந்த கருவேலத்துக்கு 30 மில்லிமீட்டர் கால் போதும். மென்மையான மரங்களுக்கு 40 வேண்டும். வைரம் ரொம்பக் கடினமென்றால் ஆணியை விடச் சிறிய பிட் போட்டுத் துளைத்துவிட்டு அடியுங்கள். துளைக்காமல் ஓங்கி அடித்தால் ஆணி தெறித்துக் கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடி போடாமல் யாரையும் இந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள்.

குண்டடம் பெரியவர்: கம்பி கம்பத்துக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமாப்பா?

எந்தப் பக்கத்திலிருந்து தள்ளு வருமோ அந்தப் பக்கம், ஐயா. உங்கள் மாடு உள்ளே இருந்து சாய்கிறதென்றால் உள்பக்கம். அப்போது மாடு கம்பியைக் கம்பத்தின் மேல் அழுத்தும். வெளிப்பக்கம் அடித்தால் ஆணியைப் பிடுங்கும். வேலி வளைந்து போகிற இடத்தில் மட்டும் மாட்டை மறந்துவிட்டு வளைவின் வெளிப்பக்கம் அடியுங்கள்.

பல்லடத்திலிருந்து: யூ ஆணி எதற்கு? சாதா ஆணியைப் பாதி அடித்து மடக்கிவிட்டாலே போதும் என்கிறார் எங்கள் ஆள். கட்டுக்கம்பி சுற்றினால் இன்னும் மலிவு.

மடக்கிய ஆணிக்கு ஒரே கால். கம்பி இழுக்க இழுக்க அது வாயைத் திறந்துகொண்டே போகும். மடக்கும் சுத்தியல் கம்பியிலும் விழுந்து பூச்சை நசுக்கும். கட்டுக்கம்பி பரவாயில்லை, ஆனால் வழுவழுப்பான கம்பத்தில் வழுக்கி இறங்கிவிடும். ரம்பத்தால் அரை விரல் ஆழத்துக்கு ஒரு வெட்டு போட்டு அதில் உட்கார வைத்துக் கட்டினால் நிற்கும். வெட்டை மேல்பக்கம் பள்ளமாக விட்டால் தண்ணீர் தேங்கும், வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். கட்டுக்கம்பி முள்கம்பிக்கு முன்பே துருப்பிடித்துப் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். என்னைக் கேட்டால் யூ ஆணிதான்.

தாராபுரம் நண்பர்: ரேச்செட் (கம்பியை இழுத்து இறுக்கும் கருவி) வைத்து இழுத்தால் மூலைக்கம்பம் உள்ளே சாய்ந்துவிடுகிறது. இரண்டரை அடி ஆழம் போட்டும் நிற்கவில்லை.

வேலியில் செலவு செய்ய வேண்டிய இடம் மூலைதான். இடைக்கம்பத்தில் மிச்சம் பிடிக்கலாம், இங்கே கூடாது. மூலைக்கு உள்ளதில் பெரிய கம்பமாக, மூன்று அடிக்குக் குறையாமல் ஆழத்தில் போடுங்கள். அதுவும் தனியாக நிற்காது. வேலி ஓடும் திசையில் ஆறு ஏழு அடி தள்ளி இன்னொரு கம்பம் நட்டு, இரண்டுக்கும் மேலே குறுக்காக ஒரு கட்டையை இறுக்கி வைக்க வேண்டும். பிறகு மூலைக்கம்பத்தின் அடியிலிருந்து இரண்டாம் கம்பத்தின் தலைக்குச் சாய்வாகத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியை இரட்டையாகச் சுற்றி, நடுவில் ஒரு குச்சி விட்டு முறுக்குங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாக, மூலையின் தலையிலிருந்து இரண்டாவதின் அடிக்குக் கட்டிவிட்டு நிற்கவில்லை என்கிறார்கள். மூலை உள்ளே சாயும்போது குறுக்குக்கட்டை இரண்டாம் கம்பத்தின் தலையைத் தள்ளும். அந்தத் தலையை மூலையின் அடியோடு கட்டிப் போட்டால்தான் தள்ளு அங்கேயே அடங்கும். ஒவ்வொரு பக்க வேலிக்கும் தனித்தனியாக இப்படி ஒன்று வேண்டும், அதாவது ஒரு மூலைக்கு இரண்டு ஜோடி.

கம்பியை மூலையில் யூ ஆணியை நம்பி விடக்கூடாது. கம்பத்தை ஒரு சுற்று சுற்றி, கம்பியின் மேலேயே நாலைந்து முறுக்கு முறுக்கி முடியுங்கள். அங்கே ஆணி அடிப்பது கம்பி கீழே இறங்காமல் இருக்க மட்டும். இழுக்கும்போது கம்பிக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம். அறுந்தால் அந்த முள்கம்பி சுருண்டு வருகிற வேகத்துக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, எங்கட காணிக்குச் சீமைக்கிளுவைக் கதியால் நட்டு முள்ளுக்கம்பி அடிக்கப் போறம். நட்ட உடன அடிக்கலாமோ, இல்லாட்டி வேர் பிடிச்ச பிறகுதானோ?

பொறுத்து அடியுங்கோ தம்பி. நட்டால் துளிர்க்கிற கிளைக்கம்பை நாங்கள் போத்து என்போம், அதைத்தான் நீங்கள் கதியால் என்கிறீர்கள். நட்ட புதிதில் சுத்தியல் அடி விழுந்தால் அப்போதுதான் விடுகிற வேர் அசைந்து அறுந்துபோகும். ஒரு மழைக்காலம் போகட்டும். துளிர்த்து நிற்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், தண்டில் உள்ள சத்தைக் கொண்டே கொஞ்ச நாள் துளிர்க்கும். ஆட்டிப் பார்த்து அசையாவிட்டால் அடிக்கலாம்.

அதுவரை நாலைந்து கதியாலுக்கு ஒன்றாகக் காய்ந்த வைரக் கம்பம் நட்டு, கம்பியின் இழுவையை அவற்றின் மேல் போடுங்கோ. பிறகும் கதியாலின் வேலை கம்பியை இடத்தில் நிறுத்துவதுதான். இழுவையைத் தாங்கும் வேலையை அதற்குக் கொடுக்க வேண்டாம். கம்பியைச் சுற்றி மட்டும் கட்டிவிடாதேங்கோ. தண்டு பருக்கும்போது கம்பி பட்டையை வெட்டி, மேலே இருக்கிற பாகம் பட்டுப்போகும். தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்ததாக உங்கள் நாட்டில் நான்காவது தோட்டப்பயிர் என்று அரசே அறிவித்த மரம் இது. கிளையை வெட்டிக்கொண்டே இருந்தால் ஆட்டுக்கும் தீனி, வயலுக்கும் பசளை, கம்பிக்கும் காற்றுப் பாரம் ஏறாது.

கோபியிலிருந்து ஒரு அம்மா: வரப்பில் பெரிய வேப்பமரங்கள் வரிசையாக நிற்கின்றன. கம்பமே வேண்டாம், அதில் அடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

அடிக்கலாம், நேரடியாக வேண்டாம் அம்மா. மரம் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக் கம்பியை விழுங்கிவிடும். அப்புறம் கம்பி ஓடாது, மாற்றவும் முடியாது. பின்னாளில் மரத்தை அறுக்கும்போது வாளின் பல் அந்த இரும்பில் பட்டு ஆபத்தாகும். மரம் வாங்க வருகிறவர் இரும்பு ஏறிய அடிமரத்துக்கு விலை குறைத்துத்தான் கேட்பார்.

மூன்று அங்குல அகலத்தில் ஒரு ரீப்பரை (மரச்சட்டத்தை) மரத்தில் இரண்டு நீள ஆணியால் பொருத்தி, கம்பியை ரீப்பரில் யூ ஆணியால் அடியுங்கள். ஆணித்தலை இரண்டு விரல் வெளியே நிற்கட்டும். மரம் பருக்கும்போது ரீப்பரை வெளியே தள்ளும், கம்பியை விழுங்காது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆணியைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வரப்பு மரம் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பாத்தியப்பட்டதென்றால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள்.

உடுமலையிலிருந்து: கம்பத்தின் அடியை நெருப்பில் கரித்து நடுவதா, கழிவு ஆயில் பூசுவதா, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் ஊறவைப்பதா? எதில் ஆணி நிற்கும்?

கரிப்பதால் பெரிய பலன் இல்லை. வெளியே கரியாக இருந்தாலும் வெடிப்பு வழியாகத் தண்ணீரும் பூஞ்சையும் உள்ளே போய்விடும். கழிவு ஆயில் மேலோடு நிற்கும், மண்ணையும் கெடுக்கும், கிணற்றுக்குப் பக்கத்தில் அறவே வேண்டாம். துத்தத்தில்தான் ஆணி விஷயம் வருகிறது. இரும்பாணியைத் துத்தக் கரைசலில் போட்டால் செம்பு படிவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். ஊறிய கம்பத்துக்குள்ளும் அதேதான் நடக்கும். துத்தநாகப் பூச்சைத் தின்றுவிட்டு இரும்புக்கு வரும். துத்தத்தில் ஊறவைத்தே தீருவேன் என்றால் தரைக்குள் போகும் பாகத்தை மட்டும் ஊறவையுங்கள். ஆணி அடிக்கும் மேல்பாகத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பம் இற்றுப்போவது எப்போதும் தரைமட்டத்தில், காற்றும் ஈரமும் சேர்கிற அந்த ஒரு சாண் இடத்தில்தான். குழியில் கான்கிரீட் ஊற்றித் தண்ணீரைத் தேக்குவதை விடச் சரளையும் மண்ணும் போட்டுக் கடப்பாரையால் இடித்து, மேலே மேடாக விடுவது நல்லது. தலையைச் சாய்வாக வெட்டிவிடுங்கள்.

பள்ளப்பட்டியிலிருந்து: ஓடைப் பள்ளத்தில் கம்பி கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு மேலே தூக்குகிறது.

பள்ளத்தில் இழுத்த கம்பி நேராகப் பார்க்கும், அதனால் மேலே தூக்கும். அங்கே ஆணிக்கால் மேல்நோக்கி ஏறுகிற மாதிரி அடியுங்கள். கம்பி தூக்கத் தூக்க ஆணி உள்ளேதான் போகும். மேட்டில் இதற்கு எதிர், கால் கீழ்நோக்கி. கம்பத்தையே பிடுங்கினால் பக்கத்தில் ஒரு பெரிய கல்லைக் கம்பி சுற்றி ஆழமாகப் புதைத்து, கம்பியின் மறுமுனையைக் கம்பத்தோடு கட்டிவிடுங்கள். வெள்ளம் வருகிற ஓடையென்றால் அந்தத் துண்டு வேலியைத் தனியாகப் போடுங்கள், அடித்துக்கொண்டு போனாலும் அதோடு போகும்.

சாயல்குடியிலிருந்து: பனஞ்சட்டத்தில் யூ ஆணி இறங்குமா?

வைரப் பக்கத்தில் துளைத்து அடித்தால் இறங்கும். துளைக்காவிட்டால் ஆணி மடங்கும் அல்லது நார் பிரியும். மென்மையான உள்சோற்றுப் பக்கம் அடிக்கவே வேண்டாம், பிடிக்காது. விழுந்த பனையில் எடுத்த சட்டமென்றால் சரி. நிற்கிற பனையை வெட்ட அனுமதி வாங்க வேண்டும்.

சத்தியமங்கலத்திலிருந்து: காட்டுப்பன்றி தாங்கவில்லை. மரக்கம்பம்தானே, கரண்ட் இறங்காது. ராத்திரி மட்டும் முள்கம்பியில் லைன் கொடுக்கலாமா?

கூடாது. வீட்டு மின்சாரம் விடாமல் பாயும், தொட்ட தசை இறுகிக் கையை எடுக்க முடியாது. யானையும் செத்திருக்கிறது, தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த வீட்டு ஆளும் செத்திருக்கிறார். சட்டப்படி குற்றம், ஜெயில் உண்டு. சூரிய மின்வேலிக் கருவி வேறு. அது நொடிக்கு ஒரு தரம்போலக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் துடிப்பு கொடுத்துவிட்டு விட்டுவிடும். அதையும் முள்கம்பியில் கொடுக்கக் கூடாது. மாட்டிக்கொண்ட உயிர் விடுபட முடியாமல் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். வழுவழுப்பான கம்பியாக இருக்க வேண்டும். மரம் கரண்டைத் தடுக்கும் என்பதும் காய்ந்திருக்கும்வரைதான், மழையில் நனைந்தால் கசியும். அதனால் ஒவ்வொரு கம்பத்திலும் இன்சுலேட்டர் அடித்து அதில்தான் கம்பி போக வேண்டும், யூ ஆணியில் அல்ல. தமிழ்நாட்டில் மின்வேலிக்கென்று 2023இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. உங்களுடையது காட்டோரப் பகுதி, வனத்துறையிடம் கேட்டுவிட்டு, வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

மீண்டும் மூலனூர் நண்பர்: அண்ணா, அப்போ எல்லா ஆணியும் புடுங்கி மறுபடியும் அடிக்கணுமுங்களா?

பிதுங்காதவற்றைப் பிடுங்க வேண்டாம். ஆணிப் பிடுங்கியை முதுகுக்குக் கீழே கொடுத்து ஒரு நெம்பு நெம்பி, கம்பி ஓடுகிற அளவுக்குத் தளர்த்தினால் போதும். பிதுங்கியவற்றை மட்டும் பழைய துளைக்கு இரண்டு விரல் மேலேயோ கீழேயோ புதிதாக அடியுங்கள். அறுந்த இடத்தில் இரண்டு முனையிலும் கண்ணி போட்டு, ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். பிடுங்கிய ஆணியையும் வெட்டிய கம்பித் துண்டையும் அன்றன்றைக்கே ஒரு வாளியில் பொறுக்கிவிடுங்கள். மாடு தீனியோடு சேர்த்து அதை விழுங்கினால் இரண்டாம் இரைப்பையில் தங்கிக் குத்தும், அங்கிருந்து இதயம் பக்கத்தில்தான் இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி வேலியோரமாக இழுத்துக்கொண்டே நடந்தால் புல்லுக்குள் கிடப்பதும் வந்துவிடும்.