பார்க்கின்சன் நோயில் மலச்சிக்கல்: தவிட்டுக்கு முன்னால் தண்ணீர்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் நோய்க்காக லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. நார்ச்சத்து வேண்டுமே என்று கோதுமைத் தவிடு கொடுத்தேன். வயிறு உப்பி இன்னும் அவதிப்படுகிறார். வேறு என்ன கொடுக்கலாம்?

பதில்: முதலில் தவிட்டை நிறுத்துங்கள்.

பார்க்கின்சன் நோய் குடலை இயக்கும் நரம்புகளையும் விட்டுவைப்பதில்லை. பலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுகிறது. குடல் மெதுவாக நகர்த்துவதால் மலம் தங்கி, ஈரம் வற்றி இறுகிவிடும். அதன்மேல் காய்ந்த தவிடும் சேர்ந்தால் அளவுதான் கூடும்.

ஆகவே தண்ணீர்தான் முதல் வேலை. இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை போகலாம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. வயதானால் தாகமே குறைந்துவிடும். தவிர, டம்ளர் நடுங்கிச் சிந்துமே, அடிக்கடி எழுந்து போகணுமே என்று பலர் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கவனிக்க வேண்டும். கைப்பிடி வைத்த கோப்பையில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுங்கள். பெரும்பகுதியை மாலைக்குள் குடித்துவிட்டால் இரவுத் தூக்கம் கெடாது. குடிக்கும்போது இருமினாலோ புரையேறினாலோ வற்புறுத்தாதீர்கள். விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

அப்புறம் நார்ச்சத்து. வேகவைத்த காய், கனிந்த பழம், ஓட்ஸ் கஞ்சி என்று மென்மையானவற்றை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பழங்களில் நான் முதலில் சொல்வது உலர்ந்த பிளம்ஸ். அதிலுள்ள சார்பிட்டால் குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். கொட்டை நீக்கிய நான்கைந்தை இரவில் ஊறவைத்து, காலையில் மசித்து, ஊறிய நீரோடு கொடுங்கள். கிவி பழமும் நன்று. இசப்கோல் கொடுத்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது வேண்டாம், தொண்டையிலேயே உப்பி அடைத்துவிடும்.

பருப்பு, பயறு நல்லவைதான். ஆனால் புரதம் லெவோடோபா உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ கொடுங்கள். அதற்காகப் புரதத்தையே குறைத்துவிடாதீர்கள், உடல் இளைத்துவிடும்.

காலை உணவுக்குப் பிறகு குடல் தானாகவே சற்று வேகமெடுக்கும். அந்த நேரத்தில் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரச் சொல்லுங்கள். மேற்கத்திய பாணிக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் சிறு முக்காலி போடுங்கள்.

இவ்வளவு செய்தும் நகரவில்லையா? மேக்ரோகால் போன்ற மலமிளக்கியை மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் மலத்தை இறுக்கக்கூடியவை என்பதால், அப்பா சாப்பிடும் அத்தனை மருந்தையும் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல நாள் மலம் போகாமல் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுக்க வேண்டாம். இறுகிய மலத்தைச் சுற்றி நீர் கசிவதாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். கடும் வலி, வாந்தி, ரத்தம், வாயுகூடப் பிரியாமை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்: வாந்தியை நிறுத்தத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு இந்த நோயைக் கூட்டிவிடும்.