பயிற்சி இடத்தைச் சொந்த ஊரில் தேடுங்கள்

கேள்வி: நான் சிவகாசி அருகே ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரும் கோடை விடுமுறையில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் கணக்கியல் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு இணையம் வழியாக முப்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்பா அச்சகம் ஒன்றில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்துக்கு ஆடிட்டர் யாரையும் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததால் ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருக்கிறது. சம்பளம் தராத இடத்தில் சேரலாமா? உள்ளூர் ஆடிட்டர் அலுவலகத்தில் பில் அடுக்கத்தான் வைப்பார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். பின்னாளில் சி.ஏ. (பட்டயக் கணக்காளர் படிப்பு) படிக்கவும் ஆசை இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பதில் வராததை உங்கள் தகுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி போன்ற பெரிய தணிக்கை நிறுவனங்கள் தங்கள் பயிற்சி இடங்களைப் பெரும்பாலும் சி.ஏ. இடைநிலைத் தேர்வை முடித்துவிட்டு ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்பின் கட்டாய அலுவலகப் பயிற்சி) தேடும் மாணவர்களைக் கொண்டும், தாங்கள் தேர்ந்தெடுத்துச் செல்லும் கல்லூரிகளின் வளாக நேர்காணல் மூலமாகவுமே நிரப்பிக்கொள்கின்றன. பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் இரண்டு மாதப் பயிற்சிக்காக அனுப்பும் விண்ணப்பம் அங்கே யாருடைய மேசைக்கும் போய்ச் சேராமலே நின்றுவிட வாய்ப்பு அதிகம். இன்னும் முப்பது அனுப்பினாலும் நிலைமை பெரிதாக மாறாது என்பதே என் கருத்து.

அதைவிட முக்கியமாக, உங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு சென்னையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. சிவகாசியில் அச்சகங்களும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளும், இராஜபாளையத்தில் நூற்பாலைகளும், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவும், விருதுநகரில் பருப்பு, எண்ணெய் வணிகமும் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் உற்பத்தி செய்து தீபாவளியை ஒட்டி விற்கும் பட்டாசு ஆலைக்குச் சரக்கிருப்பும் கடன் வசூலும் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதையும், வாடிக்கையாளர் கொடுத்த காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் அச்சகத்தின் கூலிவேலைக்கு எப்படி வரி கணக்கிடுகிறார்கள் என்பதையும் இந்த ஊர் அலுவலகங்களில் பார்க்கும் மாணவிக்குப் பாடப்புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் தாமாகவே விளங்கும். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்துக்குச் சிவகாசியிலேயே ஒரு கிளை இருக்கிறது என்பதிலிருந்து அங்கே எத்தனை ஆடிட்டர்கள் இருக்கக்கூடும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இணையத்தில் அவர்கள் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு: வாடிக்கையாளர்களைத் தேடி விளம்பரம் செய்வதற்குப் பட்டயக் கணக்காளர்களுக்கு நெடுங்காலமாகவே தொழில்நெறிக் கட்டுப்பாடு இருந்துவருகிறது. ஆகவே அவர்களை விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆடிட்டர் யாரையும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஆடிட்டர் ஒருவர் இருப்பாரே! முதலாளியிடம் நேரில் கேட்க அப்பா தயங்கினால், அங்கே கணக்குப் பார்ப்பவரிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்துவரச் சொல்லுங்கள். பெயர்ப்பலகையில் ஜி.எஸ்.டி. எண் எழுதியிருக்கும் எந்தக் கடைக்கும் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆடிட்டரோ வரி ஆலோசகரோ இருப்பார். நீங்கள் வழக்கமாகப் பொருள் வாங்கும் நான்கைந்து கடைகளில் கேட்டாலே ஒரு சிறு பட்டியல் சேர்ந்துவிடும். உங்கள் துறையில் முன்பு படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதையும் பேராசிரியர்களிடம் கேளுங்கள்.

எப்போது கேட்கிறீர்கள் என்பது, யாரிடம் கேட்கிறீர்கள் என்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. மாணவர்களில் பலர் ஏப்ரல் கடைசியில், தேர்வு முடிந்த மறுவாரம், கையில் தற்குறிப்போடு அலுவலகத்துக்குள் நுழைகிறார்கள். அது தாமதம். அதற்குச் சற்று முன்னால் போவதும் உதவாது: மார்ச் மாதம் நிதியாண்டு முடிவதால் அங்கே எவருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. ஏப்ரல் முதல் வாரங்களிலோ, வங்கிக் கிளைத் தணிக்கை கிடைத்த அலுவலகங்களில் ஆடிட்டரும் ஆர்ட்டிகிள் மாணவர்களும் வெளியூர்க் கிளைகளில் இருப்பார்கள். எனவே பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் கேட்டுவிடுவது நல்லது. அப்போதும் மாதத்தின் 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். முதலாவது, மாதந்தோறும் விற்பனை விவரம் தாக்கல் செய்வோரின் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள். இரண்டாவது, வரி செலுத்தும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்குக் கடைசி நாள். உங்கள் விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி ஜூன் வரை நீளும் என்றால், மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டிய நான்காம் காலாண்டு டி.டி.எஸ். (மூலத்தில் பிடித்த வருமான வரி) அறிக்கையும், முந்தைய ஆண்டின் ஏடுகளை முடிக்கும் வேலையும் அந்த இடைவெளியில்தான் வரும். ஆள் தேவைப்படும் பருவம் அது.

இனி விண்ணப்பக் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த பிரதியைப் படித்தேன். 'கடின உழைப்பாளி', 'விரைவில் கற்றுக்கொள்பவர்', 'குழுவாகப் பணியாற்றும் திறன் உடையவர்' என்ற மூன்று தொடர்களைத் தவிர அதில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. உங்கள் வகுப்பில் உள்ள அனைவரும் அதே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பலாம். சிறிய அலுவலகம் நடத்தும் ஓர் ஆடிட்டருக்குத் தெரிய வேண்டியவை நான்கே: நீங்கள் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள், எந்த வேலையைச் சொல்லிக்கொடுக்காமலே செய்வீர்கள், எதைச் சொல்லிக்கொடுத்தால் செய்வீர்கள். 'ஏப்ரல் 22 முதல் ஜூன் 10 வரை முழுநேரமும் வர இயலும், டேலி கணக்கு மென்பொருளில் கொள்முதல், விற்பனை, வங்கி வவுச்சர்களைப் பதிவு செய்யவும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரிக்கவும் தெரியும், ஜி.எஸ்.டி. படிவங்களைப் பாடமாகப் படித்திருக்கிறேன், தாக்கல் செய்து பார்த்ததில்லை' என்று மூன்று வரிகளில் எழுதினால் அவர் அந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பார். தெரியாததையும் சொல்லிவிடுவதில் குறைவொன்றும் இல்லை. முதல் நாள் மாலைக்குள் அது எப்படியும் தெரிந்துவிடும். தற்குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு நான்கைந்து நாட்கள் கழித்து, கடைசித் தேதிகள் எதுவும் இல்லாத ஒரு முற்பகலில் நேரில் சென்று அச்சுப் பிரதியைக் கொடுங்கள். சிற்றூர்களில் நேரில் வந்தவரையே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

தெரியும் என்று எழுதியதை உண்மையாக்கிக்கொள்ள உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. டேலி பிரைம் மென்பொருளைக் கல்விப் பயன்பாட்டு முறையில் கட்டணமின்றி இறக்கிப் பழகலாம். மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளுக்கு மட்டுமே அதில் பதிவு செய்ய முடியும் என்றாலும் பயிற்சிக்கு அது போதும். கற்பனையாக ஒரு காகிதக் கடையை வைத்து, ஐம்பது அறுபது பரிவர்த்தனைகளைப் பதிந்து, இருப்பாய்விலிருந்து (டிரையல் பேலன்ஸ்) இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) வரை கொண்டுபோய்ப் பாருங்கள். அதற்கடுத்து எக்செல். அதில் ஒன்றே ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதையே சொல்வேன். ஜி.எஸ்.டி.யில் 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தம் படிவத்தில் காட்டி அது நமது ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்தால்தான் உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை, எடுத்துக்கொள்ள முடியும் என்றாகிவிட்டது. அந்த அறிக்கை 14ஆம் தேதி வருகிறது. 20ஆம் தேதிக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கொள்முதல் ஏட்டோடும் அதை ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு விற்றவர்களைத் துரத்த வேண்டும். எக்செலின் விலுக்அப் (VLOOKUP) சூத்திரத்தைப் போட்டு இந்த ஒப்பீட்டைச் செய்யத் தெரிந்த பயிற்சி மாணவியை எந்த அலுவலகமும் சும்மா உட்காரவைக்காது.

நேர்காணல் என்று தனியாக ஒன்று நடக்குமா என்பதே ஐயம்தான். பெரும்பாலும் ஐந்து நிமிடம் பேசுவார்கள். கொடுபட வேண்டிய செலவுக்கும் தேய்மானத்துக்கும் பதிவு கேட்பார்கள், முதலினச் செலவுக்கும் வருவாயினச் செலவுக்கும் என்ன வேறுபாடு என்பார்கள், ஒரு பில்லை நீட்டிப் பதியச் சொல்வார்கள். இவையெல்லாம் தமிழிலேயே நடக்கும். கணக்கியல் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாகத் தெரிந்து வைத்துக்கொண்டால், பேச்சு ஆங்கிலம் இந்தக் கட்டத்தில் உங்களைத் தடுக்காது. மின்னஞ்சல் எழுதும் ஆங்கிலத்தை மட்டும் இப்போதிருந்தே பழகுங்கள்.

பில் அடுக்குவது பற்றித் தோழிகள் சொன்னது பாதி உண்மை. முதல் வாரம் பில்தான் அடுக்குவீர்கள். ஆனால் எந்தச் செலவுக்குப் பில் இல்லை, எதற்கு வரி எண் இல்லை, எது முதலாளியின் வீட்டுச் செலவு என்பதைக் கவனித்துக்கொண்டே அடுக்குகிறவருக்கு அதுவே தணிக்கையின் தொடக்கம். சந்தேகம் வந்தால் எதையும் அழிக்காமல் கேளுங்கள். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தடயமாகப் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று வாரம் கழிந்தும் நகல் எடுப்பதும் தேநீர் வாங்கிவருவதுமாகவே நாள் போனால், ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாதக் கணக்கையாவது தொடக்கம் முதல் முடிவு வரை செய்ய விடுமாறு பணிவோடு கேட்டுவிடுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் வேறிடம் பாருங்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, ஒன்றரை மாதப் பயிற்சிக்குப் பணம் தராவிட்டாலும் வேலை கற்றுத்தருவார்கள் என்றால் சேரலாம். பேருந்துச் செலவையாவது கேட்பதில் தவறில்லை. ஆறு மாதம் முழுநேரமாக ஊதியமின்றி வேலை வாங்கிக்கொண்டு அதைப் பயிற்சி என்று அழைப்பவர்களிடம் போக வேண்டாம். பயிற்சி தருவதற்கும் சான்றிதழ் தருவதற்கும் உங்களிடமே கட்டணம் கேட்பவர்களைப் பட்டியலிலிருந்து உடனே அடித்துவிடுங்கள். வேலையே செய்யாமல் சான்றிதழ் மட்டும் வாங்கித் தருகிறேன் என்பவர்களையும் சேர்த்துத்தான். வாடிக்கையாளரின் கடவுச்சொல், வங்கி விவரம் ஆகியவற்றை உங்கள் கைப்பேசிக்கோ பென்டிரைவுக்கோ ஒருபோதும் மாற்றாதீர்கள். டிஜிட்டல் கையொப்பச் சாவியைக் கொடுத்து நீங்களே தாக்கல் செய்யுங்கள் என்று சொன்னால், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாலன்றிச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

சி.ஏ. குறித்து ஒரு தெளிவு தேவை. இந்தக் கோடைப் பயிற்சி ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் சேராது. 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தின்படி, இடைநிலைத் தேர்வின் இரு பிரிவுகளிலும் தேறிய பிறகு தொடங்கும் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பி.காம். பட்டத்தை 55 விழுக்காட்டுக்குக் குறையாமல் முடித்தால், அறிமுகநிலைத் (ஃபவுண்டேஷன்) தேர்வு எழுதாமலே இடைநிலைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆகவே விடுமுறைக்கு வெளியே அலுவலக நேரம் உங்கள் மதிப்பெண்ணைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடியும்போது, வந்த தேதி, போன தேதி, செய்த வேலையின் தன்மை ஆகிய மூன்றும் அலுவலகத் தலைப்புத்தாளில் இருக்கும்படி சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வேலை விவரத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் எளிது. அதற்காக, வாடிக்கையாளர் பெயர்களைத் தவிர்த்து, அன்றன்று செய்ததை ஒரு குறிப்பேட்டில் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.