மலைக்குப் போகட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

கேள்வி: என் கணவர் 17 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காஷ்மீரில் பக்கத்தில் நின்ற நண்பர் குண்டடிபட்டு இறந்ததை நேரில் பார்த்தவர். இப்போது தூக்கத்தில் கத்துகிறார், பட்டாசுச் சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், தினமும் குடிக்கிறார். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். யூனிட் நண்பர்கள் வெள்ளியங்கிரிக்குக் கூப்பிடுகிறார்கள். குடி, மாத்திரை இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தி, விரதம் இருந்து மலை ஏறினால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். அனுப்பலாமா? நானும் பத்து வயது மகளும் கூடப் போகலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ‘ஒரே நாளில்’தான். பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாள் வரை சிலருக்கு ஆள் தெரியாத குழப்பம், இல்லாதவை கண்ணில் தெரிவது, கடும் காய்ச்சல் எல்லாம் வந்து உயிருக்கே ஆபத்தாகும். சாமி வந்துவிட்டது என்று வீட்டார் விபூதி பூசிக்கொண்டு இருப்பார்கள், நேரம் போய்விடும். மனநல மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினால், குறிப்பிட்ட மாத்திரையும் தயாமின் வைட்டமினும் கொடுத்துப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்ட வைத்துவிடலாம். அதற்கு அப்புறம் விரதம் தொடங்கட்டும். விரதம் குடியைத் தள்ளிவைக்க நல்ல துணை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘கேன்டீன் ரம் இருக்கிறது, வா’ என்று கூப்பிடும் நண்பனிடம் ‘விரதம்’ என்றால் அவன் மறுபேச்சு பேசமாட்டான்.

பி.டி.எஸ்.டி. மாத்திரையும் அப்படித்தான். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மோசமான கனவுகள் எல்லாம் வரலாம். கெட்ட கனவுக்காக பிரசோசின் தந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் ஏறினால் மயக்கம் வரும். விரதத்தில் மருந்துக்குத் தடை இல்லை என்று அவர் மதிக்கும் குருசாமியோ அர்ச்சகரோ சொன்னால், நாம் பத்து முறை சொல்வதைவிட எளிதில் கேட்பார்.

சரி, நடப்பதால் பலன் உண்டா? உண்டு. இரண்டாம் உலகப் போரில் நண்பனை இழந்த ஏர்ல் ஷாஃபர் என்ற அமெரிக்கப் படைவீரர், போரை மனதிலிருந்து இறக்கிவைக்க 1948இல் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடந்தே கடந்தார். அங்கே முன்னாள் படைவீரர்களை இப்படிக் கூட்டிப்போகும் அமைப்புகள் இன்றும் உண்டு. ஆனால் நடை சிகிச்சைக்குத் துணைதான். நடந்ததைப் பயிற்சி பெற்ற ஆலோசகருடன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசித் தீர்க்கும் சிகிச்சைக்கு மாற்று கிடையாது.

மருந்து அதிகம் தொடாத ஓர் இடம் இருக்கிறது: ‘அவன் போனான், நான் ஏன் இருக்கிறேன்’ என்ற குற்ற உணர்வு. நம்பிக்கைக்கு அங்கே வேலை உண்டு. இறந்த நண்பர் பெயரில் ஒரு மோட்ச தீபம் ஏற்றச் சொல்லுங்கள். அவர் வேறு மதத்தவரானால் அந்த வழக்கப்படி ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பிரார்த்தனை. ‘எல்லாம் பூர்வ ஜென்ம பாவம்’ என்று ஆறுதல் சொல்ல வரும் உறவினரை மட்டும் தூரத்தில் வையுங்கள்.

வெள்ளியங்கிரி ஏன் முதலில் வேண்டாம் என்றால், பெரும்பாலும் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். இருட்டு, காடு, டார்ச் வெளிச்சம், வரிசையாக ஆட்கள். உங்களுக்கு அது யாத்திரை, அவருக்கு ரோந்து. ஏழு மலை ஏற வேண்டும், பல இடங்களில் செங்குத்து. மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் ஆட்கள் இறந்த செய்தி சீசன்தோறும் வருகிறது. பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகும் இடமும் அல்ல.

திருவண்ணாமலையில் தொடங்குங்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், சமதளமான சாலை. பௌர்ணமி வேண்டாம், கார்த்திகை தீபம் வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டமும் வெடிச்சத்தமும் அவருக்கு ஆகாது. சாதாரண நாளில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். எட்டு லிங்கங்களில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், முடியாவிட்டால் ஆட்டோ பிடித்துத் திரும்பலாம். விட்டுப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே அவருக்குப் பாதிப் பதற்றம் குறையும். ‘அங்கே என்ன நடந்தது’ என்று கிளறாதீர்கள். முகம் பார்த்துப் பேச முடியாத மனிதர்கள் பக்கத்தில் நடக்கும்போது தாமாகவே பேசுவதுண்டு; பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் நடங்கள். மகளிடம், ‘அப்பாவுக்குச் சத்தம் கேட்டால் பழைய பயம் வரும், உன் மேல் கோபம் இல்லை’ என்று முன்பே சொல்லிவையுங்கள். லாட்ஜில் தூங்கும்போது அவரைத் தொட்டு எழுப்ப வேண்டாம், கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியட்டும்.

இப்படிச் சில முறை போய்வந்து, குடி நின்று, தூக்கம் ஓரளவு சீரானபின், இதயப் பரிசோதனை செய்துகொண்டு நண்பர்களோடு வெள்ளியங்கிரி போகட்டும். அதே அனுபவம் உள்ளவர்கள் துணைக்கு வருவது நல்லதுதான், அவர்கள் பையில் பாட்டில் இல்லாதவரை.

முதல் வேலையாக வேலூரில் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் வாங்குங்கள். ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்கிற மாதிரி எப்போதாவது பேசினால் யாத்திரைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.