தரிசில் சூரிய மின் நிலையம்: அசல் பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பதினைந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் ஆறு ஏக்கர் தரிசு இருக்கிறது. அதில் சூரிய மின் நிலையம் போட்டால் அரசு 60 சதவீத மானியம் தரும், ஊரில் மின்வெட்டே இருக்காது, சொந்தக் காற்றாலையால் பெயர் பெற்ற ஓடந்துறை ஊராட்சி மாதிரி ஆகிவிடலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். பதிவுச் செலவுக்கு ஏக்கருக்குப் பத்தாயிரம் ரூபாயும், அசல் பத்திரங்களும், அவர் பெயருக்கு ஒரு பவர் பத்திரமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் நிலத்தில் மின்சாரம் எடுக்க முடியும். ஆனால் இவர் சொல்லும் வழியில் அல்ல.

முதலில் அந்த 60 சதவீதம். விவசாயிகளின் சூரிய மின்சாரத்துக்காக 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த குசும் திட்டத்தில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் சூரிய சக்தி பம்புசெட்டுக்கான பிரிவில்தான், நமது மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வழியாக, 60 சதவீத மானியம் கிடைக்கிறது. தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைத்து மின்வாரியத்துக்கு விற்கும் ஏ பிரிவில் விவசாயிக்கு மூலதன மானியம் கிடையாது. அதில் மத்திய அரசு தரும் ஊக்கத்தொகையும் மின்சாரத்தை வாங்கும் வாரியத்துக்கே போகிறது. ஒரு பிரிவின் மானியத்தை எடுத்து இன்னொரு பிரிவில் ஒட்டிச் சொல்வதுதான் இன்று ஊர் ஊராக நடக்கும் வியாபாரம். பம்புசெட் மானிய ஆணையின் நகலைக் காட்டி, அதில் இருக்கும் அரசு முத்திரையை நம்ப வைத்து, கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

மானியம் இல்லாமல் கணக்கு எப்படி நிற்கும் என்று பாருங்கள். ஒரு மெகாவாட் நிலையத்துக்கு நான்கிலிருந்து ஐந்து ஏக்கர் போதும். செலவு ஏறத்தாழ 4 கோடி ரூபாய். நம் வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருமானம் 45 லட்சம். செலவில் 70 சதவீதத்தை, அதாவது 2 கோடியே 80 லட்சத்தை, பத்து சதவீத வட்டியில் பன்னிரண்டு ஆண்டுக் கடனாக வாங்கினால் தவணைக்கே ஆண்டுக்கு 40 லட்சம் போய்விடும். மிச்சமிருக்கும் 5 லட்சத்தில்தான் தகடு கழுவுவதும், காவலும், காப்பீடும், பழுதும் நடக்க வேண்டும். மீதி 1 கோடியே 20 லட்சத்தை நீங்கள் கையிலிருந்து போட்டாக வேண்டும் என்பதை எந்த முகவரும் முதல் நாள் சொல்வதில்லை. காற்றாலை வைத்திருப்பவர்களுக்கே மின்வாரியம் மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்தது ஊரறிந்த செய்தி. வங்கித் தவணைக்கோ ஒரு மாதத் தாமதமும் ஆகாது. சிறு விவசாயியின் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு பணத்தை இழுத்தடிக்கும் வழக்கம் மாறாமல், கிராமமே மின்சாரம் தயாரிக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது நியாயமில்லை.

மின்வெட்டே இருக்காது என்பதும் உண்மையல்ல. இத்தகைய நிலையத்தின் மின்சாரம் துணை மின் நிலையத்துக்குப் போகுமே தவிர, உங்கள் தெருவுக்கு நேராக வராது. கம்பியில் மின்சாரம் நின்றால், தகட்டின் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் நிலையத்தின் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் ஷாக் அடித்து இறந்துவிடக் கூடாது என்பதற்கான கட்டாயப் பாதுகாப்பு அது. மாலை ஆறு மணிக்கு மேல் உற்பத்தியே இல்லை.

ஓடந்துறையின் பெயரைச் சொல்லாத முகவரை நான் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து அந்த ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை அமைத்தது உண்மை. அதனால் வருமானம் வந்ததும் உண்மை. ஆனால் அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை, பாலக்காட்டுக் கணவாயின் காற்று வந்து விழும் உடுமலைப்பேட்டை பக்கத்து மைவாடியில் இருக்கிறது. சுமார் ஒன்றரைக் கோடிச் செலவில் ஏறத்தாழ 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதியை ஊராட்சியே தன் பெயரில் வங்கியில் கடன் வாங்கி, தானே அடைத்தது. இடைத்தரகர் கையில் பவர் கொடுத்து நடந்த காரியம் அல்ல அது.

பவர் பத்திரம்தான் எனக்குப் பெரிய கவலை. பொது அதிகாரம் கொடுத்துவிட்டால், அதில் எழுதியிருப்பதைப் பொறுத்து, அவர் உங்கள் நிலத்தை அடமானம் வைக்கலாம், விற்கவும் செய்யலாம். இந்தத் திட்டத்துக்கு அது தேவையே இல்லை. முதலீட்டுக்கு வழியில்லையென்றால் நிலத்தை ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட விதி இடம் தருகிறது. குத்தகைத் தொகையை நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து பிடித்து, மின்வாரியமே உங்கள் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் செலுத்தவும் ஏற்பாடு உண்டு. இதைச் சொன்னால் முகவருக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பதால் சொல்ல மாட்டார்கள். குத்தகை ஓராண்டுக்கு மேற்பட்டதானால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்; இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது செல்லாது. காட்டாமணக்கு நட்டால் விதையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களையும், பிறகு ஈமு கோழிக்கு அப்படியே எழுதிக் கொடுத்தவர்களையும் நம்பி நம் ஊர்கள் பட்டது போதும்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். பதினைந்து பேரில் யாருடைய நிலமாவது பஞ்சமி நிலமா என்று பாருங்கள். ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட அந்த நிலம் அவர்களுக்கு வெளியே கைமாறக் கூடாது. மாறினால் அந்தப் பரிமாற்றம் செல்லாது, எத்தனை பேர் கைமாறியிருந்தாலும் இதே கதிதான். இப்போதைய பட்டாவில் அது தெரியாமல் இருக்கலாம். ஊரின் நில விவரங்கள் அடங்கிய பழைய ‘அ’ பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். அத்தகைய நிலத்தின் உரிமையாளர் உங்கள் குழுவில் சேர்ந்து நிலத்தைத் தன் கையிலேயே வைத்திருப்பது வேறு. வெளியார் நிறுவனத்துக்கு இருபத்தைந்து ஆண்டுக் குத்தகைக்கு விடுவது வேறு. இரண்டாவதை வருவாய்த் துறையிடம் எழுத்தில் தெளிவு பெறாமல் செய்யவே கூடாது. நாளைக்கு வழக்கு வந்தால் அந்த ஒரு துண்டு நிலத்தால் ஆறு ஏக்கரும் முடங்கும், கடன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அரசு ஒப்படைத்த பிற நிலங்களின் பட்டா நிபந்தனைகளையும் இதே போலப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் நிலத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் துணை மின் நிலையம் எது, அதில் சூரிய மின்சாரத்தை ஏற்க எவ்வளவு இடம் மீதமிருக்கிறது, இந்தப் பிரிவில் இப்போது விண்ணப்பம் பெறுகிறார்களா என்று மின்வாரியச் செயற்பொறியாளருக்கு எழுதிக் கேளுங்கள். துணை மின் நிலையம் வாரியாக இந்த விவரத்தை வெளியிட வேண்டும் என்பது திட்ட விதி. ஆனாலும் அதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்க நம் அலுவலகங்களுக்கு மனம் வருவதில்லை. பதில் வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். இடமில்லை என்றால் காரியம் அங்கேயே முடிந்தது, ஒரு ரூபாயும் வீணாகவில்லை. இடம் இருந்தால் பதினைந்து பேரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்து வங்கியை அணுகலாம். கட்டணம் எதுவானாலும் வாரியத்தின் பெயருக்கு, ரசீதோடு மட்டுமே.

உங்களில் யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் தயங்காமல் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பவர் பதிவாகியிருந்தால் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து, பதிவுத் தபாலில் அவருக்கும் அறிவித்துவிடுங்கள். அசல் பத்திரத்தைத் திருப்பித் தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.