மாத்திரைக்கும் மனத்தெளிவுக்கும் இடையே ஏன் இத்தனை வாரங்கள்?

கேள்வி: மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே மூளையில் செரட்டோனினைக் கூட்டிவிடுகின்றன, ஆனால் நோயாளி தெளிவடையப் பல வாரங்கள் ஆகின்றன. இந்தத் தாமதத்துக்கும் செல்லின் உட்சட்டகத்துக்கும் தொடர்பு உண்டு என்று வகுப்பில் கேட்டேன். விளக்க முடியுமா?
– உயிர்வேதியியல் மாணவி ஒருவர்

பதில்: தொடர்பு உண்டு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நரம்பு செல்லின் சவ்விலுள்ள ஏற்பிகளில் ஒரு பகுதி, வெளியிலிருந்து வரும் செய்தியை 'ஜிஎஸ் ஆல்ஃபா' என்னும் ஜி-புரதத்திடம் ஒப்படைக்கிறது. அது அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. (ஜி-புரதங்களைக் கண்டறிந்ததற்காகவே கில்மனும் ராட்பெலும் 1994இல் நோபல் பரிசு பெற்றனர்.) இது நடக்க வேண்டுமானால் புரதமும் நொதியும் சவ்வில் சந்தித்தாக வேண்டும், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சவ்வு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. கொலஸ்டிரால் செறிந்த சிறு திட்டுகள் அதில் உண்டு. இவற்றை லிப்பிட் ராஃப்ட் என்பர். உட்சட்டகத்தின் நுண்குழல்களை ஆக்கும் டியூபுலின் புரதம் இத்திட்டுகளிலும் காணப்படுகிறது. ஜிஎஸ் ஆல்ஃபா அதனுடன் நேரடியாகப் பிணையக்கூடியது என்பதால், கட்டுத்தறியில் கட்டிய மாடுபோல அங்கேயே நின்றுவிடுகிறது, நொதியைச் சந்திப்பது குறைகிறது. இந்தப் பிணைப்பு ஒருவழிப்பட்டதும் அன்று: தூண்டப்பட்ட ஜிஎஸ் ஆல்ஃபா, டியூபுலின் தன்னிடமுள்ள ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறைச் சிதைப்பதை விரைவுபடுத்தி, நுண்குழல்களின் நிலைப்பைத் தளர்த்துகிறது.

சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ரேஸ்னிக்கின் குழு இதை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அவர்களுடைய முறை எளிமையானது. டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சவர்க்காரப் பொருளில் சாதாரணச் சவ்வு கரைந்துவிடும், ராஃப்ட் கரையாது. எஞ்சியதை டிரைட்டன் எக்ஸ்-114 கொண்டு கரைத்து, எதில் எவ்வளவு ஜிஎஸ் ஆல்ஃபா வந்தது என்று ஒப்பிடுவார்கள். மனச்சோர்வால் தற்கொலை செய்துகொண்டவர்களின் சிறுமூளைத் திசுவை இவ்வாறு சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் கரைசலுக்கும் இரண்டாவதற்குமான விகிதம், மனநோய் இல்லாதவர்களிடம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அதாவது நோயுற்றோரிடம் இப்புரதம் ராஃப்டிலேயே அதிகம் தேங்கியிருந்தது. செரட்டோனின் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பேசும் பழைய விளக்கத்தில், எது எங்கே இருக்கிறது என்ற இக்கேள்விக்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

வளர்ப்புச் செல்களில் மருந்தைத் தொடர்ந்து சில நாட்கள் கொடுத்தால் ஜிஎஸ் ஆல்ஃபா மெல்ல ராஃப்டை விட்டு வெளியேறுகிறது. நீங்கள் கேட்ட தாமதத்தோடு தொடர்புபடுத்தப்படுவது இந்த மெதுவான வெளியேற்றமே. ஒருமுறை கொடுத்தால் போதுவதில்லை. அச்செல்களில் செரட்டோனினை உள்ளிழுக்கும் கடத்திப் புரதம் இல்லாதபோதும் இது நிகழ்கிறது என்பதுதான் வியப்பு. விரைந்து பலன் தரும் கீட்டமினோ, இதே செல்களில் 15 நிமிடங்களில் அதைச் செய்துவிடுகிறது.

அப்படியானால் நுண்குழல்களையே கலைத்துவிடலாமே என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். நம் செங்காந்தள் விதையில் கிடைக்கும் கோல்கிசின் நுண்குழல்களைக் கலைத்து, செல்களில் ஜிஎஸ் ஆல்ஃபாவை விடுவிக்கவும் செய்கிறது. ஆனால் நுண்குழல் இல்லாத செல் உடலில் அரிது என்பதால் அது மனச்சோர்வுக்கு மருந்தாக இயலாத நஞ்சு. அதனால்தான் டியூபுலினில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சிறு வேதிக் குறியை நீக்கும் எச்டிஏசி-6 நொதியைத் தடுத்து, பிடியை மட்டும் தளர்த்தும் வழியை ஆய்வாளர்கள் நாடுகிறார்கள்.