வேலை தேடுவதை ஜப்பானில் 'ஷூக்கட்சு' என்கிறார்களே, அந்தச் சொல் எப்படி வந்தது?

அங்கே வேலைக்கு முயலும் எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முழு வடிவம் 'ஷூஷொக்கு கட்சுதோ'. முன்பாதி வேலையில் சேர்வது, பின்பாதி செயல்பாடு. எழுத்தில் நான்கு கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்; இரு பாதியிலும் முதல் கான்ஜியை மட்டும் ஒட்டினால் ஷூக்கட்சு. பர்சனல் கம்ப்யூட்டரையே 'பசொக்கோன்' என்று நறுக்கியவர்கள், இதை விடுவார்களா? "இது கொச்சையே இல்லை, செய்தித்தாளிலேயே வருகிறது" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வருகிறதுதான். பேச்சுச் சுருக்கமாகப் பிறந்தது என்பது அதனால் மாறிவிடாது.

ஷூக்கட்சு என்று சொன்னதும் ஜப்பானியர் நினைப்பது படிப்பு முடிக்காத மாணவரைத்தான், வேலை மாறுபவரை அல்ல. அதற்கென்று ஒரு நாள்காட்டியே உண்டு. மூன்றாம் ஆண்டு முடியும் மார்ச் 1-இல் நிறுவனங்களின் அறிவிப்பு, ஜூன் 1 முதல் தேர்வு, அக்டோபர் 1-இல் 'நைத்தேய்' எனும் முறையான பணி உறுதி, அடுத்த ஏப்ரலில் வேலை. முன்பு இந்தத் தேதிகளைக் கெய்தான்ரென் என்ற தொழில் கூட்டமைப்பு வகுத்தது. 2021-இல் பணியில் சேர்ந்தவர்கள் முதல் அரசு வகுக்கிறது. மீறினால் தண்டனை கிடையாது. அதனால் ஜூனுக்கு முன்பே ஆளைப் பிடித்துவிடும் நிறுவனங்கள் ஏராளம். தேதியை நம்பிக் காத்திருப்பவர் பின்தங்கிவிடுவார். இப்படி முந்திக்கொள்வதற்குப் பழைய பெயர் 'அவோத்தகாய்': கதிர் முற்றாத வயலையே விலைபேசி வாங்குவது.

நிராகரிப்புக் கடிதத்துக்கு மாணவர் வைத்த பெயர் 'ஒயினோரி மெயில்', பிரார்த்தனை மடல். "தங்கள் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம்" என்றுதான் அது முடியும். "இன்று என்னைப் பிரார்த்தித்துவிட்டார்கள்" என்றால் வேலை போச்சு என்று பொருள்.

பிறகு 'கட்சு' தனியாகவே ஓட ஆரம்பித்தது. வரன் தேடுவதற்கு 'கொன்கட்சு' என்ற சொல்லைச் சமூகவியலாளர் மசாஹிரோ யமதா 2007-இல் உருவாக்கினார். அதிலிருந்துதான் ஷூக்கட்சு வந்தது என்று எழுதுகிறவர்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள். இன்னொரு குழப்பம்: இதே உச்சரிப்பில், வேறு கான்ஜியில், சாவுக்குமுன் உயில், கல்லறை ஏற்பாடுகளை முடித்து வைப்பதும் ஷூக்கட்சுதான். கான்ஜியில் எழுதித் தேடாவிட்டால் இறுதிச்சடங்கு விளம்பரம்தான் வந்து விழும்.

கேட்காததையும் சொல்கிறேன். ரிக்குனாபி என்ற வேலைத் தளம், மாணவர் பணி உறுதியை உதறிவிடும் வாய்ப்பைக் கணித்து நிறுவனங்களுக்கு விற்றது 2019-இல் அம்பலமானது. பலரிடம் முறையான ஒப்புதலே வாங்கவில்லை. நிறுவனம் முந்திக்கொண்டால் சாமர்த்தியம், மாணவர் மனம் மாறினால் மட்டும் குற்றமா?